சுற்றுகிற வட்டமும் எட்டு லிங்கமும்

விமர்சனம் என்றால் சினிமாவுக்கும் நாவலுக்கும்தான் எழுத வேண்டும் என்று சட்டம் ஏதும் இல்லையே? இந்த வாரம் நான் விமர்சிக்கப் போவது ஒரு திரையை. சினிமாத் திரை இல்லை. கம்ப்யூட்டரில் புதிதாக ஆபரேட்டிங் சிஸ்டம் ஏற்றும்போது ஒரு வட்டத்தைச் சுற்ற விட்டு, 'சற்றுப் பொறுங்கள்' என்று சொல்லுமே, அந்தத் திரை. உங்களில் பல பேர் அதன் முன்னால் ஒரு ராத்திரியாவது கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். அப்போது உங்களுக்கு வந்த கோபம் நியாயமானதுதான் என்று சொல்லவே இந்தக் கட்டுரை.

என் அக்கா இருப்பது வேங்கிக்காலில். திருவண்ணாமலை கலெக்டர் ஆபீஸ் இருக்கிற அதே வேங்கிக்கால். மொட்டை மாடிக்குப் போனால் மலை தெரியும். சமீபத்தில் ஒரு பௌர்ணமிக்குப் போயிருந்தபோது, அக்கா மகள் தன் பத்து வயது லேப்டாப்பை என் மடியில் வைத்தாள். "மாமா, இதுல விண்டோஸ் டென்னுக்கு இனிமே அப்டேட் வராதாமே. லெவன் ஏறாதுங்குது. லினக்ஸ் போட்டுக் குடுங்க."

அவள் சொன்னது சரி. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், ஓரளவு புது பிராசஸரும் வேண்டும். பழைய மெஷின்களுக்கு இரண்டும் கிடையாது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற மாட்டை, கொம்பு நீளம் போதாது என்று சந்தையில் திருப்பி அனுப்புவது மாதிரி. போகட்டும், அது தனிக் கச்சேரி.

பென் டிரைவில் லினக்ஸை இறக்கி (எந்த லினக்ஸ் என்பது இங்கே முக்கியமில்லை) ஆரம்பித்தேன். மொழி கேட்டது, சொன்னேன். கீ போர்டு கேட்டது, சொன்னேன். அடுத்து 'தயாராகிறது' என்று ஒரு வட்டம். அதோடு சரி. கால் மணி, அரை மணி, முக்கால் மணி. கடைசியில் மவுஸ் அம்புக்குறியும் உறைந்துவிட்டது. அணைத்துவிட்டு மறுபடி. அதே இடம். மறுபடி. அதே இடம்.

இந்த மாதிரி நேரத்தில் செய்ய வேண்டியவை என்று ஒரு சம்பிரதாய வரிசை உண்டு. எல்லாம் செய்தேன். டவுன்லோடு செய்த ஃபைல் முழுசாக வந்ததா என்று அதன் ஷா-256 எண்ணைச் சரிபார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. வேறு பென் டிரைவ், வேறு போர்ட். கிராஃபிக்ஸ் தகராறாக இருக்குமோ என்று ஆரம்பத் திரையில் 'நோமோட்செட்' என்ற மந்திரச் சொல்லைச் சேர்த்தேன். மெம்டெஸ்ட்டை ராத்திரி முழுக்க ஓட விட்டு ராமைச் சோதித்தேன். பழுதில்லை. வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது.

பக்கத்துக் கடையில் கேட்டதற்கு, "ஃபார்மேட் அடிச்சிடலாம் சார், ஐந்நூறு ரூபா" என்றார்கள். இந்த வாக்கியத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். தமிழ்நாட்டில் கம்ப்யூட்டர் வைத்தியத்தின் முதல் மருந்தும் கடைசி மருந்தும் இதுதான்.

அக்கா அப்போதுதான் சொன்னாள். "டேய், அம்மா பேசினதெல்லாம் அதுலதான்டா இருக்கு." எங்கம்மா கடைசி இரண்டு வருஷம் அந்த வீட்டில்தான் இருந்தார். பேத்தி அவரை உட்கார வைத்து ஊர்க்கதை, உறவுக்கதை, மாகாளிக்கிழங்கு ஊறுகாய் போடும் பக்குவம் எல்லாவற்றையும் பதிவு செய்திருக்கிறாள். வேறெங்கும் பிரதி கிடையாது. ஏன் எடுத்து வைக்கவில்லை என்று திட்ட வாயெடுத்தேன். என் வீட்டு லேப்டாப் ஞாபகம் வந்தது, மூடிக்கொண்டேன்.

இப்போது விமர்சனத்துக்கு வருகிறேன்.

கம்ப்யூட்டர் வேலை செய்துகொண்டிருக்கும்போது 'இத்தனை சதவீதம் முடிந்தது' என்று காட்டினால் மனிதர்களுக்குப் பிடிக்கிறதா என்று 1985-ல் பிராட் மையர்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் ஒரு கட்டுரை எழுதினார். பிடிக்கிறது என்பதுதான் முடிவு. 2007-ல் கிறிஸ் ஹாரிசனும் நண்பர்களும் இன்னொரு படி போனார்கள். பட்டை ஒரே சீராகப் போவதைவிட, கடைசியில் வேகமெடுத்துப் போனால், ஆகிற நேரம் அதேதான் என்றாலும் சீக்கிரம் முடிந்த மாதிரி நமக்குத் தோன்றுகிறதாம். இதில் தப்பு சொல்ல மாட்டேன். காத்திருப்பவனுக்கு ஆறுதல் சொல்வது நல்ல பழக்கம்தான். ஆனால் ஆறுதலே தொழிலாகிப்போன பிறகு தகவலை யார் சொல்வது?

2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி ஞாபகம் இருக்கிறதா? அதை ஏற்றும் வேலை இரண்டு பாகமாக நடக்கும். முதல் பாதி நீலத் திரை, வெறும் எழுத்து. பார்க்க சகிக்காது. ஆனால் கீழே வலது மூலையில், எந்த ஃபைலைக் காப்பி செய்கிறேன் என்று பெயர் ஓடிக்கொண்டே இருக்கும். நின்றால், எதில் நின்றது என்று தெரியும். இரண்டாவது பாதியில் வண்ணம் வந்துவிடும். இடதுபுறம் '39 நிமிடங்கள்' என்று எழுதி, வலதுபுறம் 'எங்கள் எக்ஸ்பி எப்பேர்ப்பட்டது தெரியுமா' என்று விளம்பரம். பல மெஷின்களில் அது 34-வது நிமிடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். மெஷினில் என்னென்ன பாகம் இருக்கிறது என்று தேடுகிற கட்டம் அது. ஏதாவது ஒரு பாகம் பதில் சொல்லாமல் இருக்கும். எது என்று திரை சொல்லாது. விளம்பரம் மட்டும் மாறி மாறி வரும். அசிங்கமான பாதிக்கு நான் எண்பது மார்க் போடுவேன். அழகான பாதிக்கு அட்டெண்டன்ஸ் மட்டும்.

அப்புறம் போகப் போக இந்தத் திரைகள் இன்னும் இனிமையாகிவிட்டன. 2012-ல் விண்டோஸ் 8 விழுந்தால் சோகமாக ஒரு பொம்மை முகம் காட்டியது. 2015-ல் விண்டோஸ் 10-ஐ ஏற்றப் போனவர்கள் சிலருக்கு ஒரு பெட்டி வந்தது. தலைப்பு: 'ஏதோ நடந்துவிட்டது'. உள்ளே விளக்கம்: 'ஏதோ நடந்துவிட்டது'. உலகமே சிரித்தது. நான் இதைச் சிரிக்கிற விஷயமாகப் பார்க்கவில்லை. பத்தாயிரம் எஞ்சினீயர்கள் இருக்கிற இடத்திலிருந்து, போலீஸ் ஸ்டேஷனில் சாட்சி சொல்லப் பயந்த மாமா மாதிரி ஒரு பதில்!

லினக்ஸ்காரர்கள் இதில் யோக்கியம் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கேயும் ஆரம்பக் கட்டளை வரியில் 'கொயட் ஸ்பிளாஷ்' என்று இரண்டு வார்த்தை எழுதி வைத்திருப்பார்கள். கொயட் என்றால் கெர்னலே, வாயை மூடு. ஸ்பிளாஷ் என்றால் அதற்குப் பதில் படம் காட்டு. பயனாளி பயந்துவிடக் கூடாதாம்.

நான் படித்தது பி.காம். டிரையல் பேலன்ஸ் டேலி ஆகாவிட்டால், வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்று ஒரு கணக்கில் போட்டுவிட்டு மேலே போ, அப்புறம் தேடு என்று சொல்லிக்கொடுத்தார்கள். அதுவும் ஒருவகை மறைப்புதான். ஆனால் 'சஸ்பென்ஸ், இவ்வளவு ரூபாய்' என்று பேர் போட்டு, தொகை போட்டு, எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதுவோம். இந்த வட்டத்தில் பேரும் இல்லை, தொகையும் இல்லை.

பௌர்ணமி என்றேன் இல்லையா, அன்றைக்கு வாசலில் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. கிரிவலம் 14 கிலோமீட்டர். வழியில் இந்திர லிங்கம், அக்னி லிங்கம், எம லிங்கம் என்று ஈசான்யம் வரைக்கும் எட்டு. லிங்கங்கள் சமமான தூரத்தில் இல்லை. அடுத்ததற்கு எத்தனை நிமிஷம் என்று யாரும் உத்தரவாதம் தருவதுமில்லை. குபேர லிங்கத்தில் நிற்கிற வரிசையைப் பார்த்தால் அது முடியவும் முடியாது. ஆனால், "நிருதி லிங்கத்துகிட்ட அப்பாவுக்குக் கால் பிடிச்சுக்கிச்சு" என்று போன் வந்தால், எங்கே போக வேண்டும் என்று தெரியும். நான் கேட்பதும் அவ்வளவுதான். 'எப்போது முடியும்' என்று சரியாகச் சொல்வது கஷ்டம், ஒப்புக்கொள்கிறேன். ஃபைலை எண்ணலாம், பதில் சொல்லாத ஒரு பாகம் எப்போது பதில் சொல்லும் என்பதை எண்ண முடியாது. 'எங்கே நிற்கிறேன்' என்று சொல்வதில் என்ன கஷ்டம்?

மறுநாள் காலையில் ஒரு காரியம் செய்தேன். பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம். நாம் இன்ஸ்டால் செய்யச் சொல்லாதவரை அது டிஸ்க்கில் எதையும் எழுதாது. ஆரம்பத் திரையில் 'ஈ' என்ற எழுத்தைத் தட்டினால் கட்டளை வரி திறக்கும். அதில் கொயட்டையும் ஸ்பிளாஷையும் அழித்துவிட்டு எஃப்10. அவ்வளவுதான், இரண்டு நாளாக ஊமையாக இருந்த மெஷின் கொட்டித் தீர்த்துவிட்டது. ஹார்ட் டிஸ்க்கில் இந்த செக்டரைப் படிக்க முடியவில்லை, மறுபடி முயல்கிறேன், முடியவில்லை, இணைப்பைத் திருப்பி அமைக்கிறேன், முடியவில்லை. ஒவ்வொரு முயற்சிக்கும் லினக்ஸ் வழக்கமாகக் கொடுக்கும் அவகாசம் 30 விநாடி. நிறுவும் நிரல், டிஸ்க்கில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று துழாவிக்கொண்டு, கெட்டுப்போன செக்டர்களில் முட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. வட்டத்துக்குப் பின்னால் நடந்தது இதுதான்.

இதில் என்னைக் குடைந்தது என்ன தெரியுமா? செத்துக்கொண்டிருக்கிற டிஸ்க்கைத் திரும்பத் திரும்பப் படிக்க வைப்பது அதை இன்னும் கெடுக்கும். நான் பொறுமையாகக் காத்திருந்த ஒவ்வொரு முக்கால் மணியும், 'மறுபடி முயன்று பார்ப்போம்' என்று அணைத்துப் போட்ட ஒவ்வொரு முறையும், அம்மாவின் குரலில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துக்கொண்டிருந்தேன். 'சற்றுப் பொறுங்கள்' என்று எனக்குச் சொன்னது திரை. 'உடனே நிறுத்து' என்று சொல்ல வேண்டிய நேரம் அது.

இது ஒரு வீட்டுப் பிரச்னை மட்டும் இல்லை. 2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தது. ஆரம்பத்தில் கொடுத்தவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் சென்னையில் டெபியனை வைத்துச் செய்து, 2007-ல் வெளியிட்ட சிஸ்டம் அது. ஒரே மெஷினில் இரண்டு ஆபரேட்டிங் சிஸ்டம், லட்சக்கணக்கான பிள்ளைகள் கையில்! அதில் எத்தனை பேருக்கு, வட்டம் நின்றுபோனால் பின்னால் எட்டிப் பார்க்கலாம் என்று யாராவது சொல்லிக்கொடுத்திருப்பார்கள்? பழைய மெஷின் வைத்திருப்பவர்கள் பலர் இப்போது விண்டோஸ் 10-ஐ விட்டு வேறு இடம் தேடியாக வேண்டும். அவர்கள் எல்லோரும் இந்த வட்டத்தைச் சந்திப்பார்கள்.

தமிழில் திரை வந்தால் சரியாகிவிடுமா? டெபியனின் நிறுவும் நிரல் தமிழிலும் பேசும். தன்னார்வலர்கள் செய்த வேலை, கும்பிட வேண்டிய வேலை. பாராட்ட இன்னொரு விஷயமும் அதில் உண்டு. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்4 மூன்றையும் சேர்த்து அழுத்தினால், உள்ளே நடப்பதெல்லாம் வரி வரியாக ஓடும். ஆனால் அந்த வரிகள் இங்கிலீஷ். 'வாருங்கள்', 'தேர்ந்தெடுங்கள்', 'காத்திருங்கள்' எல்லாம் தமிழில். டிஸ்க் போய்விட்டது என்பது மட்டும் இங்கிலீஷில். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர்கள் மாதிரிதான். "நல்லாயிடும்மா" என்று நம்மிடம் தமிழில் சொல்லிவிட்டு, அடுத்த விநாடி பக்கத்தில் நிற்கிற ஜூனியரிடம் திரும்பி இங்கிலீஷில் பேசுவார்கள் பாருங்கள்.

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தைப் பார்த்தால் சாதாரண மனுஷன் மிரண்டு போவானே என்பீர்கள். போவான்தான். அதற்காக மூடி மறைப்பதா, புரிகிற மாதிரி ஒரு வரி எழுதுவதா? 'உங்கள் டிஸ்க்கில் ஓரிடத்தைப் படிக்க முடியவில்லை. முக்கியமானது ஏதும் இருந்தால் முதலில் அதை எடுங்கள்.' இந்த இரண்டு வாக்கியத்தைக் கெர்னல் எழுதத் தேவையில்லை. அழகான திரை எழுதுகிறவர்களே எழுதலாம். மெஷினுக்கு விஷயம் தெரியும் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. தெரிந்துகொண்டே வட்டம் சுற்றியது.

நூற்றுக்கு நூறு வாங்கிய ஒரு திரையையும் சொல்லிவிடுகிறேன். 'ஜிஎன்யூ டிடி-ரெஸ்க்யூ' என்று ஒரு இலவச மென்பொருள். கெட்டுப்போன டிஸ்க்கிலிருந்து நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிப்பவற்றைக் கடைசிக்கு ஒதுக்கி வைக்கும். புதிதாக ஒரு வெளி டிஸ்க் வாங்கி வந்து அதில் பிரதி எடுக்க விட்டேன். அதன் திரையில் படம் இல்லை, வட்டம் இல்லை. இவ்வளவு மீட்டேன், இத்தனை இடத்தில் தோற்றேன் என்று எண்கள். அதோடு ஒரு வரி: கடைசியாக வெற்றிகரமாகப் படித்து எவ்வளவு நேரம் ஆயிற்று. நாலு நிமிஷம் என்று காட்டும், ஏழு என்று காட்டும், வயிற்றைப் பிசையும், சட்டென்று பூஜ்யத்துக்கு வரும். ராத்திரி அக்கா, அவள் மகள், நான் மூன்று பேரும் அந்த ஒரு வரியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். யாருக்கும் எரிச்சல் வரவில்லை. அக்காவுக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது. "அந்தக் கடைசி நம்பர் திரும்ப ஜீரோ ஆச்சுன்னா நல்லதுதானே?" என்று கேட்டாள். அது புரிய அவளுக்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

காலை காபிக்குள் பெரும்பகுதி வந்துவிட்டது. பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி ஒன்று போட்டோம். அதே பென் டிரைவ், அதே லினக்ஸ், முனகாமல் ஏறியது. அம்மாவின் பதிவுகளில் மூன்று திறக்கவில்லை. மாகாளிக்கிழங்கு பதிவு திறந்தது. கிழங்கை எத்தனை நாள் ஊற வைக்க வேண்டும் என்று அம்மா சொல்ல ஆரம்பிக்கிற இடத்தில் நாற்பது விநாடி சத்தமில்லை. அப்புறம், "அவ்வளவுதான், புரிஞ்சுதா?" என்கிறார்.