பாதிப் பொருளில் நிற்கும் ஒரு சொல்

ஆங்கிலத்தில் 'செரெண்டிப்பிட்டி' என்பதோர் அருஞ்சொல். மாணவர் கையாளும் துணைநூல்கள் சிலவற்றில் இதற்கு 'அதிர்ஷ்டம்' என்றும், 'தற்செயல்' என்றும் பொருள் தரப்பட்டிருக்கக் கண்டேன். இது பாதி மெய்யே. விடுபட்ட பாதிதான் இச்சொல்லுக்கு உயிர்.

இச்சொல் மக்கள் வழக்கில் தானே பிறந்ததன்று. ஹொரேஸ் வால்போல் என்னும் ஆங்கில எழுத்தாளர், 1754 சனவரி 28ஆம் நாள், பிளாரன்ஸ் நகரிலிருந்த தம் நண்பர் ஹொரேஸ் மானுக்கு வரைந்த கடிதத்தில் இதனைப் படைத்தார். செரெண்டிப் நாட்டு இளவரசர் மூவரின் கதையே அதற்கு மூலம். அக்கதை 1557இல் வெனிசு நகரில் இத்தாலிய மொழியில் அச்சேறியது.

அரபியரும் பாரசீகரும் இலங்கையைச் 'சரந்தீப்' என வழங்கினர். அதுவே செரெண்டிப் ஆயிற்று. இதனைச் 'சேரன் தீவு' என்பாரும் நம்மிடையே உளர். ஒலி ஒத்திருத்தல் ஒன்றே சான்றாகாது. 'சிம்ஹளத்வீபம்' என்னும் வடசொல்லின் திரிபு என்பதே அகராதியாளர் பலரும் ஏற்கும் கருத்து.

இனிக் கதைக்கு வருவோம். வழியோரப் புல் ஒரு பக்கம் மட்டுமே மேயப்பட்டிருக்கக் கண்ட இளவரசர், அவ்வழிச் சென்ற ஒட்டகம் ஒற்றைக் கண் குருடெனத் துணிகின்றனர். ஒட்டகத்தை அவர்கள் தேடவுமில்லை, பார்க்கவுமில்லை. புல்லைக் கண்டது தற்செயல். அதிலிருந்து உண்மையைத் துணிந்தது அறிவு. வால்போலும் தற்செயல், நுண்ணறிவு ஆகிய இரண்டையும் சேர்த்தே இச்சொல்லுக்கு விளக்கம் தந்தார்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்கிறோமே, அது வெறும் தற்செயல், செரெண்டிப்பிட்டி அன்று. 1928இல் அலெக்சாண்டர் பிளெமிங்கின் ஆய்வுத் தட்டில் பூஞ்சணம் படர்ந்ததும் தற்செயலே. ஆயினும், அதனைச் சுற்றிக் கிருமிகள் அழிந்திருப்பதை உற்று நோக்கி, காரணம் தேடியது அவர் அறிவு. தட்டு கெட்டுவிட்டதென்று கழுவி வைத்திருந்தால் பெனிசிலின் ஏது?

ஆதலின், ஆசிரியர் இதனை ஒற்றைச் சொல்லால் பெயர்த்து முடித்தல் தகாது. 'தேடாத ஒன்றைத் தற்செயலாய்க் கண்டு, அதன் பயனை அறிவால் உணர்தல்' என விரித்துரைக்க. ஒட்டகக் கதையையும் உடன் கூறுக. 'எல்லாம் தலைவிதி' என்ற பேச்சைக் கேட்டே வளரும் பிள்ளைகள் நம் வகுப்புகளில் பலர். அவர்களிடம் அறிவைக் கழித்துவிட்டு அதிர்ஷ்டத்தை மட்டும் கற்பிப்பது சொல்லுக்கும் இழுக்கு, பிள்ளைகளுக்கும் கேடு.