முசாபிரும் காஜியும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து துறையூர் செல்லும் சாலையிலுள்ள திருவெள்ளறையில், பல்லவன் தந்திவர்மன் காலத்தில் கம்பன் அரையன் என்பார் வெட்டுவித்த கிணறு ஒன்று இருக்கிறது. நாற்புறமும் படிக்கட்டுகள் அமைந்த அக்கிணற்றில், ஒரு துறையில் இறங்குபவர் மற்றத் துறைகளில் இருப்போரைக் காண இயலாது. ஸ்ரீரங்கம் காண வரும் உல்லாசப் பயணிகளுள் சிலர் இங்கும் வந்து, ஒரு படியில் நின்று படம் பிடித்துக்கொண்டு, கிணற்றைக் கண்டுவிட்டதாகத் திரும்புகின்றனர். தீவுகளைப் பற்றிப் பயண நூல் எழுதியோருள்ளும் ஒரு படியில் நின்று எழுதியவரே மிகுதி. இக்குறை பெரும் பயணியான இப்னு பதூதாவிடமும் உண்டா என்பதை அவருடைய 'ரிஹ்லா'வைக் கொண்டே ஆராய்வோம்.

1325-ல் தன்ஜா நகரிலிருந்து புறப்பட்ட அவர், 1343-ல் மாலத்தீவை அடைந்தார். அங்கே காஜிப் பதவி அவரைத் தேடி வந்தது. தேங்காய் மட்டையை ஊறவைத்து அடித்துக் கயிறு திரிக்கும் விதத்தையும், வீட்டு வாசலில் கால் கழுவ நீர் வைத்திருக்கும் வழக்கத்தையும் அழகாக எழுதியவர், நீதி பீடத்தில் அமர்ந்ததும் வேறு மனிதராகிறார். அத்தீவுப் பெண்களின் உடையை மாற்ற முயன்றதையும், அதில் தாம் தோற்றதையும் அவரே கூறுகிறார். திருடன் ஒருவனுடைய கையைத் துண்டிக்குமாறு அவர் கட்டளையிட்டபோது, அவையிலிருந்த தீவினர் பலர் மயங்கி விழுந்தனராம். சட்டத்தைப் பற்றியதன்று நமது வினா. எழுதியவரின் கண்ணைப் பற்றியது. மயங்கியவர் நெஞ்சில் இருந்தது கோழைத்தனமா, இரக்கமா என்று அவர் நின்று கேட்கவில்லை.

1344-ல் மஅபருக்குக் கப்பலேறியவரைக் காற்று ஸரந்தீபில் சேர்த்தது. புத்தளத்தில் இறங்கிய அவருக்கு அங்கே பதவி இல்லை. அவர் வெறும் முசாபிர். பாரசீகம் அறிந்த ஆரியச் சக்கரவர்த்தியிடம், பாவா ஆதம் மலையைத் தரிசிப்பது ஒன்றே தமது விருப்பம் என்றார். மன்னர் துணைக்கு அனுப்பியவர்களுள் யோகியர் நால்வர், பிராமணர் மூவர். கரையில் குவிந்து கிடந்த கறுவாக் கட்டைகள், எலுமிச்சம்பழம் பிழிந்து விரட்டும் அட்டைகள், பாறையில் தொங்கும் சங்கிலிகள், 'பாபா' வழி, 'மாமா' வழி என்னும் இரு பாதைகள் எல்லாம் நம் கண்முன் வருகின்றன. முஸ்லிம் பக்கீர்களைத் தம் வீட்டில் தங்கவைத்து உணவளித்த மாற்று மதத்தினரையும் அவர் நன்றியோடு குறிக்கிறார். ரிஹ்லாவில் தீவுகளைப் பற்றிய பகுதிகளுள் இதுவே சிறந்தது என்பது நமது துணிபு.

அப்படியாயின் பயணி தீர்ப்பே கூறலாகாதா? கூறலாம். ஸரந்தீபிலிருந்து மதுரை வந்தபோது, அங்கு ஆண்ட சுல்தான் கியாசுத்தீன் அவருக்குச் சகலை முறை. நம் திருவெள்ளறைக்கு அருகே, இன்றைய சமயபுரத்தை ஒட்டிய கண்ணனூர்க் கொப்பத்துப் போருக்குப்பின், முதிய மன்னர் வல்லாளரைக் கொன்று, அவருடைய தோலில் வைக்கோலை அடைத்து மதுரைக் கோட்டைச் சுவரில் தொங்கவிட்டதை அவர் மறைக்கவில்லை. சிறைப்பட்ட பெண்களையும் குழந்தைகளையும் சுல்தான் வதைத்ததை இழிசெயல் என்று கண்டித்தார். உறவையும் உபசாரத்தையும் மீறி எழுதிய அந்த வரிகளில்தான் அவருடைய காஜித்தனம் மாண்பு பெறுகிறது.

1972-ல் மாலத்தீவில் உல்லாச விடுதிகள் தொடங்கியபோது, அவற்றைக் குடிமக்கள் இல்லாத தீவுகளிலேயே அமைத்தனர். மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் இல்லங்கள் பெருகியது 2009-க்குப் பின்னரே. ஆகவே, மாலத்தீவு சென்று வந்தேன் என்பவர் ஒரு மாலத்தீவார் வீட்டு வாசலைக்கூட மிதிக்காமல் திரும்பியிருக்கலாம். கொழும்புக்கும் மாலேக்கும் சென்று வரும் நம்மவர் எழுதும் கட்டுரைகளிலும் விடுதியின் வசதியும் கடைவீதியின் விலையும் உண்டு; அவ்வூராரின் குரல் இல்லை. அல்லது, அவர்கள் மார்க்கத்தில் நம்மைவிடக் குறைந்தவர் என்னும் தீர்ப்பு மட்டும் உண்டு.

மனிதரின் குணங்களைத் திரை விலக்கிக் காட்டுவதாலேயே பயணத்துக்கு 'ஸஃபர்' என்று பெயர் வந்தது என்பர் அரபுமொழி வல்லார். விலகுவது ஊராரின் திரையன்று, பயணியின் திரையே. தீவுக்குச் செல்லும் நம் பிள்ளைகள் முசாபிராகச் சென்று, கண்டதை எழுதட்டும். காஜியின் கோலை, ஊர் திரும்பியபின் நம்மை நோக்கியே நீட்டட்டும்.