கோவாட்லிக்குவே சிலையில் பாம்பின் தொழில்

மெக்சிகோ நாட்டுப் பழங்குடியினரின் கோயில்களையும் சிற்பங்களையும் பற்றி எழுதுவோர், அவற்றுள் யாண்டும் காணப்படும் பாம்புருவைப் ‘பாம்புத் தெய்வம்’ என்னும் ஒரே பெயரால் சுட்டிச் செல்வது வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கு எளிமை தருவதேயன்றித் தெளிவு தருவதன்று. தெய்வமே பாம்பாக நிற்றல் வேறு. தெய்வத்தின் உடல் பாம்புகளால் இயற்றப்படுதல் வேறு. இவ்வேறுபாடு உணரப்படாமையால் நெடுங்காலம் பிழைபடப் பார்க்கப்பட்டது அசுடெக்கரின் கோவாட்லிக்குவே சிலை. அச்சிலையில் பாம்பு ஆற்றும் தொழில் யாது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

முதற்கண், தெய்வமே பாம்பாக நிற்கும் முறையை நோக்குவோம். தியோத்திவாக்கான் நகரில் கி.பி. 200ஐ ஒட்டி எழுப்பப்பட்ட இறகுப் பாம்புக் கோயிலின் முகப்பில், இறகு சூழ்ந்த பாம்புத் தலைகள் சுவரினின்றும் வெளியே நீண்டு நிற்கின்றன. அவற்றின் உடல் சுவர்ப்பரப்பில் நெளிந்து செல்கின்றது. அங்குப் பாம்பு முழுமையான ஓர் உயிர், அதுவே வழிபடப்படுவது. பிற்காலத்து அசுடெக்கர் கெட்சால்கோவாட்டல் என்று போற்றிய தெய்வமும் இவ்வகையினதே. ‘கெட்சால்’ என்பது பசிய நெடுஞ்சிறகுடைய பறவையையும், ‘கோவாட்டல்’ என்பது பாம்பையும் குறிக்கும் நாவாத்தில் மொழிச் சொற்கள் ஆகும்.

கோவாட்லிக்குவே அத்தகையதன்று. ‘பாம்புகளாகிய பாவாடையை உடையவள்’ என்பதே அப்பெயரின் பொருள். பாம்பு இங்குத் தெய்வத்தின் பெயரடை, தெய்வம் அன்று. மெக்சிகோ நகரின் பெருஞ்சதுக்கத்தைச் சமன்செய்தபோது, 1790 ஆகசுட்டு 13ஆம் நாள் இச்சிலை வெளிப்பட்டது. அவ்வாண்டு திசம்பரில் அதே இடத்தில் கிடைத்த ஞாயிற்றுக்கல் பேராலயத்தின் சுவரில் பலரும் காணப் பதிக்கப்பட்டது. சிலையோ பல்கலைக்கழகத்திற்குக் கொண்டு செல்லப்பட்டு, மீண்டும் மண்ணுள் புதைக்கப்பட்டது. பழங்குடி மக்கள் அதனை வழிபடத் தலைப்படுவர் என்ற அச்சமும், அதன் தோற்றத்தின்பால் ஆட்சியாளர்க்கிருந்த அருவருப்பும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படும். 1803ஆம் ஆண்டு மெக்சிகோ வந்த அம்போல்ட் என்னும் செருமானிய அறிஞர் காண விழைந்தமையால் ஒருமுறை தோண்டி எடுக்கப்பட்டது, பின்னரும் புதைக்கப்பட்டது. 1792இல் இவ்விரு கற்களையும் ஆராய்ந்து நூல் வெளியிட்ட லியோன் இ காமா, சிலையைத் தியோயாவோமிக்கி என்னும் வேறொரு தெய்வமாகக் கருதினார். பெயரே ஐயத்திற்கிடமாய் இருந்த காலத்தில் சிலையின் பொருள் விளங்காதிருந்தது வியப்பன்று.

ஏறத்தாழ இரண்டரை மீட்டர் உயரமுள்ள இச்சிலையில் பாம்பு பல இடங்களில் வருகின்றது. இடுப்பின் கீழே பின்னிப் பிணைந்த கிலுகிலுப்பைப் பாம்புகள் ஆடையாகின்றன. இடுப்பில் பாம்பே கச்சையாக முடியப்பட்டுள்ளது. கைகள் இருக்கவேண்டிய இடத்தில் பாம்புத் தலைகள் உள்ளன. கால்களுக்கு இடையே ஒரு பாம்பு தொங்குகின்றது. கழுத்தின் மேலோ தலை இல்லை. இரு பெரும் பாம்புகள் எழுந்து ஒன்றையொன்று நோக்கி நிற்கின்றன. மார்பில் மனிதக் கைகளும் இதயங்களும் கோத்த மாலையொன்று கிடக்கின்றது. மண்டையோடு அதன் பதக்கம்.

கழுத்தின் மேலெழும் இரு பாம்புகள் எதனைக் குறிக்கின்றன என்பதே முதன்மையான வினா. 1954இல் இச்சிலை பற்றித் தனிநூல் எழுதிய உசுடினோ பெர்னாண்டசு, அவற்றை ஆண்மையும் பெண்மையும் இணைந்த இருமைத் தெய்வக் கொள்கையோடு பொருத்திக் கண்டார். அருவருப்பிற்குரியதெனத் தள்ளப்பட்ட ஒன்றை ஒழுங்கமைந்த கலைப்படைப்பாக எண்ணச் செய்த பெருமை அவருக்கு உண்டு. ஆயினும், அவர் விளக்கம் சிலைக்கு வெளியே நின்ற கொள்கையிலிருந்து தொடங்குகின்றது. சிற்ப மரபிலிருந்து தொடங்கின் வேறொரு விடை கிடைக்கும். சிச்சென் இட்சாவின் பெரிய பந்தாட்டக் களத்துச் சுவரில், தலை துணிக்கப்பட்ட ஆட்டக்காரன் ஒருவன் செதுக்கப்பட்டுள்ளான். அவன் கழுத்தினின்று குருதி பாம்புகளாகப் பீறிட்டு எழுகின்றது. அவற்றிடையே ஒரு கொடி பூத்துக் கிளைக்கின்றது. அது மாயர் நகரம். அசுடெக்கர்க்குச் சில நூற்றாண்டுகள் முற்பட்டது. எனினும், பாய்ந்தெழும் குருதியைப் பாம்பாக வடிக்கும் மரபு அந்நிலப்பரப்பில் உண்டென்பதற்கு அஃது ஐயமற்ற சான்றாகும். அம்மரபின்வழி நோக்கின், கோவாட்லிக்குவே தலை துணிக்கப்பட்டவள். கழுத்துப் பாம்புகள் அவள் குருதி. கைகளின் இடத்திலுள்ள பாம்புகளும் அவ்வாறே துணிபட்ட உறுப்பின் குருதியாகலாம்.

இங்கு ஒரு தடை எழும். சாகாகூன் தொகுத்த நூலில் உள்ள கதையின்படி, பாம்புமலையைப் பெருக்கிக்கொண்டிருந்த கோவாட்லிக்குவே வானினின்று விழுந்த இறகுப் பந்தால் கருவுற்றாள். சினந்து தாயைக் கொல்ல வந்த மகள் கோயோல்சௌக்கியை, அப்பொழுதே பிறந்த உவிட்சிலோபோச்ட்லி வெட்டி வீழ்த்தினான். தலை இழந்தவள் மகளேயன்றித் தாய் அல்லள். 1978இல் பெருங்கோயிலின் அடியில் கிடைத்த வட்டக்கல்லில் உறுப்புகள் துணிபட்டுக் கிடப்பவளும் மகளே. அங்ஙனமாயின் தாய்க்குத் தலையின்மை எங்ஙனம் பொருந்தும்? செசீலியா கிளைன் 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஞாயிறு இயங்கும்பொருட்டுத் தம்மையே பலியாக்கிக்கொண்ட பெண்டிர் பற்றிய வேறொரு கதையோடு சிலையை இணைத்தார். பாம்புகளுக்கு மாறாக இதயங்களைப் பாவாடையில் கொண்ட மற்றொரு சிலையும் கிடைத்திருத்தல் இக்கருத்திற்கு வலிவூட்டும். கதைநூல் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு சிற்பத்தை அளத்தல் தகாது என்பதும் இதனால் பெறப்படும்.

பாம்பு குருதியே எனக் கண்டபின்னும் ஆராய்ச்சி முற்றுப்பெறுவதில்லை. எதிரெதிர் நோக்கும் இரு பாம்புகளின் பக்கத் தோற்றங்கள், நேர் நின்று காண்பார்க்கு ஒரே முகமாக இணைகின்றன. இரு பாம்பிற்கும் உரிய கண்கள் அம்முகத்தின் இரு கண்கள். பற்களும் பிளவுண்ட நாவும் அதன் வாய். சாவினால் வழிந்த குருதியே காணும் முகமாகின்றது. கதை கூறாத இக்கருத்தைக் கூறியவன் சிற்பி. சொல்லப்படும் உவமத்தினின்று சொல்லப்படாத பொருளை உய்த்துணரும் உள்ளுறை நெறியில் பயின்றார்க்கு இது புரியாத முறை அன்று.

இன்னொன்றும் கருதத்தக்கது. சிலையின் அடிப்பகுதியில், தரையோடு பொருந்தும் பரப்பில், நிலத்தெய்வமாகிய திலால்தெகுட்லியின் உருவம் செதுக்கப்பட்டுள்ளது. நிறுத்தியபின் அதனை எவரும் காண இயலாது. ஆகவே, காண்போர் கண்ணை மகிழ்வித்தல் ஒன்றே அச்சிற்பியின் நோக்கமாயிருந்ததெனல் பொருந்தாது. மேலும், 2022ஆம் ஆண்டு நிலநடுக்கத்திற்குப்பின் மெக்சிகோ நகரில் வெளிப்பட்ட பெரிய கற்பாம்புத் தலையில் பழைய வண்ணங்கள் பெரிதும் அழியாது இருந்தன. இன்று நாம் காணும் சாம்பல்நிறக் கல் அசுடெக்கர் கண்ட கோலம் அன்று என்பதை அஃது உணர்த்துகின்றது.

அழகு, அருவருப்பு என்னும் இரு சொற்களால் இச்சிலையை முடிவுகட்டியோர் அதனைக் கண்டனர், கற்றாரல்லர். பாம்பு ஆடையாகும் இடம், கச்சையாகும் இடம், குருதியாகும் இடம், முகமாகும் இடம் எனப் பிரித்துணர்ந்த பின்னரே இச்சிலையைத் திறனாயும் தகுதி நமக்கு வருகின்றது. ஒரு சொல்லுக்கு இடந்தோறும் பொருள் வேறுபடும் என்பதை மொழியில் ஒப்புக்கொள்ளும் நாம், கல்லிலும் அதனை ஒப்புதல் முறையாகும்.