கவரில் ஓடும் ட்யூப்லைட்

அலுமினியத்துக்குப் போட்ட பாலிஷ் நல்லதா என்று பார்க்க ஒரு ட்யூப்லைட் போதும். புல்லட் எஞ்சினிலிருந்து கழற்றிய கவரைக் கையில் எடுத்து, விளக்கு அதன்மேல் தெரியும்படி சாய்த்து, மெதுவாகத் திருப்ப வேண்டும். வெளிச்சக் கோடு ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நெளியாமல் வழுக்கிப் போனால், வேலை செய்தவருக்குக் கை இருக்கிறது என்று பொருள். கோடு நடுவில் குழைந்தால் எமரி பேப்பர் ஓரிடத்தில் அதிகமாகவும் இன்னோரிடத்தில் குறைவாகவும் ஓடியிருக்கிறது. கோடு நேராக இருந்தும் ஓரம் புகைந்து தெரிந்தால், கடைசிக் கட்டத்தில் அவசரப்பட்டிருக்கிறார். பளபளப்பை மட்டும் பார்த்து ஏமாறுகிறவர்கள் இந்தக் கோட்டைப் பார்ப்பதில்லை. பளபளப்பை மெஷின் தந்துவிடும். கோட்டை மனிதர்தான் தரவேண்டும்.

நெய்வேலி நகரியத்தில் இந்த ரசனை வளர்ந்ததற்குக் காரணம் உண்டு. இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரைச் சேர்ந்த ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது 1955இல். புல்லட் தயாரிக்கத் திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. அதற்கு அடுத்த ஆண்டு, 1956இல், நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பிறந்தது. இயந்திரத்தோடு பிழைக்கும் ஊருக்கு இயந்திரத்தைப் பார்க்கத் தெரிந்த கண் தானாக வந்துவிடுகிறது. ஷிப்ட் முழுக்கச் சுரங்கத்தில் பக்கெட் வீலும் கன்வேயரும் பார்த்தவர், வீட்டுக்கு வந்து தன் புல்லட்டின் கவரில் ஒரு கீறலைக் கண்டால் அப்படியே விட்டுவிட மாட்டார். ஊரைச் சுற்றி முந்திரிக்காடும் செம்மண் பாதையும். அதற்குள் எல்லாம் போய்வர அந்தக் காலத்தில் ஜீப்பை விட்டால் புல்லட்தான். மண்ணில் ஓட்டிவிட்டு வந்து மாலையில் துடைப்பது அந்த வண்டியை வைத்திருப்பதன் ஒரு பாதி.

பழைய காஸ்ட் அயர்ன் எஞ்சின் புல்லட்டில் மெருகுக்கென்றே அமைந்த முகங்கள் இருக்கின்றன. வலப்பக்கம் டைமிங் கவர், அதற்குப் பின்னால் கியர் பாக்ஸ் கவர். இடப்பக்கம் நீண்டு குவிந்த செயின் கவர். ஒரே ஒரு நட்டில் நிற்பது. மூன்றிலும் என் மனதுக்குப் பிடித்தது இந்தச் செயின் கவர். வளைவு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாது. அதனால்தான் அதில் தவறு செய்தால் மறைக்க இடமில்லை. தட்டையான பரப்பில் ஒரு குழியைக் கண் மன்னித்துவிடும், வளைவில் மன்னிக்காது.

வேலை கழுவுவதில் தொடங்குகிறது. மண்ணெண்ணெயில் கிரீஸை எடுத்து, சோப்புத் தண்ணீரில் அலசி, பழைய லாக்கர் மிச்சம் இருந்தால் சுரண்டாமல் ரிமூவர் தடவி உரிக்க வேண்டும். பிறகு வாட்டர் பேப்பர். ஆழமான கீறல் இருந்தால் 320இல் தொடங்கி 400, 600, 800, 1000 என்று ஏறி 2000வரை போகலாம். இதில் ஒரு நுட்பம் உண்டு: ஒவ்வொரு நம்பருக்கும் தேய்க்கும் திசையை மாற்ற வேண்டும். 400ஐ நெடுக்கே ஓட்டினால் 600ஐ குறுக்கே. அப்போது முந்தைய பேப்பரின் கோடுகள் புதிய கோடுகளுக்கு நடுவே தனியாகத் தெரியும். கடைசிக் கோடு மறையும்வரை அந்த நம்பரைக் கீழே வைக்கக்கூடாது. அவசரக்காரர்கள் 400இலிருந்து நேராக பஃப்புக்குப் போய்விடுவார்கள். கவர் மின்னும், ஆனால் வெயிலில் நிறுத்தினால் மினுக்கத்துக்கு அடியில் பழைய கீறல்கள் அப்படியே படுத்திருக்கும்.

அலுமினியம் மிருதுவான உலோகம், பேப்பரின் பல்லில் ஒட்டிக்கொள்ளும். சோப்புத் தண்ணீரோ மண்ணெண்ணெயோ சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே தேய்த்தால்தான் பேப்பர் வெட்டும், இல்லாவிட்டால் அது உலோகத்தை இழுக்கும்.

பிறகு பஃபிங். மோட்டாரில் சுழலும் துணிச்சக்கரத்தின் முகத்தில் பாலிஷ் சோப்புக்கட்டியைப் பிடித்து ஒரு தடவு, உடனே கவர். முதலில் வெட்டும் பிரவுன் சோப்பு, பிறகு மெருகுக்கு வெள்ளைச் சோப்பு. பச்சை சோப்பு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு உரியது. இரும்பைத் தேய்த்த சக்கரத்தை அலுமினியத்துக்குத் தொடவே கூடாது. இரும்புத் துகள் மிருதுவான உலோகத்துக்குள் பதிந்து, ஒரு மழைக்குப் பிறகு துருப்புள்ளியாக எட்டிப்பார்க்கும். அலுமினியத் தூள் தீப்பிடிக்கக்கூடியது என்பதையும் பட்டறையில் மறக்கக்கூடாது. அதன் பக்கத்தில் கிரைண்டர் பொறி பறக்க விடுவது ஆபத்து.

பஃப் அடிக்கத் தெரிந்தவரைக் கவரின் கோணத்தை வைத்தே கண்டுகொள்ளலாம். சக்கரத்தின் மையத்துக்குக் கீழே பிடிப்பார். ஓரம் எப்போதும் சக்கரம் சுற்றும் திசைக்கு விலகியிருக்கும்; எதிர்த்துக் காட்டினால் கவரைப் பிடுங்கி எறிந்துவிடும். அழுத்த மாட்டார். அழுத்தினால் சூடேறும், சூடேறினால் மேற்பரப்பு இழுபட்டு ஆரஞ்சுத் தோல் போலப் பொரிப்பொரியாகும். விரல் தாங்காத சூடு வந்தால் கவரைக் கீழே வைத்து ஆறவிட்டு, அந்த நேரத்தில் அடுத்ததை எடுப்பார். விளிம்புக்கு வரும்போது கை இலகுவாகிவிடும். ஓரமும், வார்ப்பில் எழும்பி நிற்கும் எழுத்தும் பஃப்புக்கு முதல் பலி. அவை மழுங்கிப்போன கவர் எவ்வளவு மின்னினாலும் எனக்கு அது பாழான கவர்தான். உருவத்தைத் தின்று ஒளியைக் கொடுப்பதை மெருகு என்று நான் ஏற்கமாட்டேன்.

இவ்வளவு பாடுபட்டும் ஏன் இது நிலைப்பதில்லை என்று கேட்பவர்களுக்கு உலோகமே பதில். வெட்டுப்பட்ட கணமே அலுமினியம் காற்றின் ஆக்சிஜனைப் பிடித்து, சில நானோமீட்டர் தடிமனில் ஒரு படலத்தைத் தன்மேல் போர்த்திக்கொள்கிறது. உலோகம் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். இந்தப் படலம் உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். எமரித்தூளின் கடினத்துக்குக் காரணமான குருந்தக்கல்லும், மாணிக்கமும் நீலமும் இதே சேர்மம்தான். பாலிஷ் பேஸ்டுக்குள் பொடியாக இருப்பதும் பெரும்பாலும் இதுவே. ஆக அலுமினியத்தைத் தேய்த்து வெளுக்கச் செய்வது அதன் சொந்தத் துருவே. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு இது அலுக்காத அதிசயம்.

அந்தப் படலம் சாதாரணக் காற்றுக்கு நல்ல காவல். ஆனால் காரத்துக்கும் அமிலத்துக்கும் தாங்காது. சுரங்கமும் அனல்மின் நிலையமும் உள்ள ஊரில் தூசி இருக்கத்தான் செய்யும். பழுப்பு நிலக்கரிச் சாம்பலில் சுண்ணாம்பு அம்சம் அதிகம். அது காய்ந்து கிடக்கும்வரை ஒன்றும் செய்யாது. ஐப்பசித் தூறலில் நனைந்தால் காரமாகிவிடும். இரவு முழுக்க நனைந்து காலை வெயிலில் காய்ந்த கவரில் வெள்ளைப் புள்ளிகள் விழுவது இப்படித்தான். ஆகவே இந்த ஊரில் தூசியைத் துணியால் தேய்த்துத் துடைப்பது முதல் பிழை, ஈரமாகவே விட்டுவிடுவது இரண்டாவது. தண்ணீரை ஓடவிட்டு அலசி, உடனே உலர்த்த வேண்டும். துணி துவைக்கும் பவுடரும் காரம்தான், கிட்டக்கூட வரக்கூடாது.

பூசை நாளில் வைக்கும் பொட்டுக்கும் இது பொருந்தும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்த குங்குமம் காரம் உள்ளது. டயருக்கு அடியில் நசுங்கி அலாய் வீலில் தெறிக்கும் எலுமிச்சைச் சாறு அமிலம். பொட்டு வைக்கத்தான் வேண்டும். வைத்ததை மறுநாள் காலைக்குள் ஈரத்துணியால் எடுத்துவிட வேண்டும்.

அலாய் வீல் தனி உலகம். வார்ப்பில் ஏழு விழுக்காடு அளவுக்கு சிலிக்கன் கலந்திருப்பது வழக்கம். அதனால் அதன் ஒளியில் ஒரு மெல்லிய சாம்பல் சாயல் ஓடும், தகட்டு அலுமினியத்தின் வெண்மை அதில் வராது. அதைக் குறையென்று நான் எண்ணவில்லை. வார்ப்பின் குணம் அது. கம்பெனியிலிருந்து வரும்போது வீலின் மேல் லாக்கர் இருக்கும். அதை உரித்துப் பாலிஷ் போட்டால் முதல் மாதம் கண்ணைப் பறிக்கும். அதன்பின் வண்டி இருக்கும்வரை துடைத்துக்கொண்டே இருக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமைக் காலைகளைக் கொடுக்க மனமுள்ளவர்கள் மட்டும் இறங்கலாம். ஆரக்கால்கள் ஒன்று கூடும் உள்மூலைக்கு மெஷின் போகாது. அங்கே விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு தேய்க்க வேண்டும். வீலை மதிப்பிடுகிறவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் அந்த மூலைதான்.

கையால் முடிக்கும்போது துணி கறுத்துக்கொண்டே போகும். புதிதாகச் செய்கிறவர்கள் அழுக்கு இன்னும் போகவில்லை என்று நினைத்துத் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். அந்தக் கறுப்பு, தேய்ந்து வரும் உலோகமேதான். அது எப்போதும் வரும். கொஞ்சம் மைதா மாவைத் தூவி மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தால் மிச்சம் எல்லாம் மாவோடு வந்துவிடும். அதற்குமேல் மெல்லிய ஒரு பூச்சு மெழுகு.

குரோமியம் பூசினால் இந்த வேலையே இல்லையே என்பார்கள். சைலன்சருக்கும் ரிம்முக்கும் குரோமியம் சரி. அதன் ஒளி நீலமாக, குளிர்ச்சியாக இருக்கும். உள்ளே இருப்பதைக் காட்டாது. ஒருநாள் உரிந்தால் உரிந்ததுதான். அலுமினியத்தின் ஒளி பால்போன்ற வெண்மை. மேலே உள்ளதுதான் உள்ளேயும். கீறினாலும் திரும்பக் கொண்டுவரலாம். அதனால் கவர்களுக்கு நான் குரோமியத்தை ஒப்பமாட்டேன்.

அதேபோல எல்லாவற்றையும் கண்ணாடியாக்கவும் கூடாது. சிலிண்டர் ஹெட்டின் ஃபின்களும், கிராங்க் கேஸின் மணல் வார்ப்புச் சொரசொரப்பும் அப்படியே இருக்கட்டும். பக்கத்தில் மங்கலான பரப்பு இருந்தால்தான் கவரின் வளைவு எடுப்பாகத் தெரியும். கவரின் உட்புறத்தையும், கேஸ்கெட் உட்காரும் விளிம்பையும் தொடவே வேண்டாம். அந்த விளிம்பு தட்டையாக இருக்கிறதா என்று தடித்த கண்ணாடித் துண்டின்மேல் வைத்து, எங்காவது ஆடுகிறதா என்று விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். ஆடினால் அந்த வழியே ஆயில் கசியும், வெளியே எவ்வளவு அழகாக அடித்திருந்தாலும்.