கூட்டல் நெய்யும், பெருக்கல் நெய்யாது

ஒற்றையும் ஒற்றையும் கூடினால் இரட்டை. இரட்டையும் இரட்டையும் கூடினாலும் இரட்டை. ஒன்று ஒற்றை, மற்றது இரட்டை என்றால் விடை ஒற்றை. பெருக்கலில், இரண்டுமே ஒற்றையாக இருந்தால் மட்டும் ஒற்றை; மற்றபடி எல்லாம் இரட்டை. பள்ளியில் ஒப்பித்துவிட்டு மறந்துபோகிற விதிகள் இவை. மறந்தால் பெரிய நஷ்டமில்லை. கண்ணால் பார்க்காமல் விட்டால்தான் நஷ்டம். கொங்கு நாட்டில் இருப்பவர் அதற்காக எங்கும் அலைய வேண்டாம். சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறியில் ஓடுகிற காடாத் துணியில் ஒரு சாண் போதும்.

துணியை வெளிச்சத்தில் பிடியுங்கள். ஜவுளிக்காரர் யாரிடமாவது பிக் கிளாஸ் கிடைத்தால் இன்னும் நல்லது. நூல் எண்ணுவதற்கென்றே செய்த மடக்குக் கண்ணாடி அது. நீளவாக்கில் போவது பாவு, குறுக்கே போவது ஊடை. பாவு நூல்களுக்கு இடப்பக்கத்திலிருந்து 1, 2, 3 என்று எண் கொடுங்கள். ஊடைக்குக் கீழிருந்து. முதல் சந்திப்பில் பாவு மேலே இருக்கும்படி தொடங்கிக்கொள்ளுங்கள். இனி எந்தச் சந்திப்பை எடுத்தாலும் அங்கே வரும் இரண்டு எண்களையும் கூட்டிப் பாருங்கள். விடை இரட்டை என்றால் பாவு மேலே, ஒற்றை என்றால் ஊடை மேலே. 7-வது பாவும் 12-வது ஊடையும் சந்திக்கும் இடத்தில் 19. அங்கே ஊடைதான் மேலே கிடக்கும்.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. சாதா நெசவில் ஒற்றைப்படைப் பாவு நூல்கள் எல்லாம் அவற்றைத் தூக்கிவிடும் ஒரு விழுதில், இரட்டைப்படை நூல்கள் இன்னொன்றில். ஒரு மிதிக்கு ஒரு பாதி எழும்பும், ஊடை நூலைச் சுமந்து நாடா குறுக்கே ஓடும். அடுத்த மிதிக்கு மறு பாதி. ஒரு நூல் தள்ளிப் போனால் கூட்டுத்தொகை ஒன்று மாறும், மேல் கீழாகும். மூலைவாக்கில் நகர்ந்தால் கூட்டுத்தொகை இரண்டு கூடும், அல்லது மாறவே மாறாது; இரண்டிலும் நிலை அப்படியே இருக்கும். ஒற்றையும் ஒற்றையும் சேர்ந்தால் இரட்டை என்பதைத் துணி அங்குலத்துக்கு அங்குலம் சொல்லிக்கொண்டே போகிறது.

ஆனால் பவானி ஜமக்காளத்தில் இதைத் தேடாதீர்கள். அங்கே ஊடை பருமன். நெருக்கி அடித்திருப்பதால் பாவு கண்ணில் படாது.

நிறம் சேர்ந்தால் வேடிக்கை கூடுகிறது. பாவில் ஒற்றை நூல் கறுப்பு, இரட்டை நூல் வெள்ளை. ஊடையிலும் அதே வரிசை. கட்டம் கட்டமாக வரும் என்றுதான் யாருக்கும் தோன்றும். வருவதோ குறுக்குக் கோடுகள்! கணக்குப் போட்டால் காரணம் தெரியும். ஒற்றையும் ஒற்றையும் சந்திக்கும் இடத்தில் பாவு மேலே, அது கறுப்பு. ஒற்றை ஊடையும் இரட்டைப் பாவும் சந்தித்தால் ஊடை மேலே, அதுவும் கறுப்பு. ஆக ஒற்றை ஊடை போகிற வரி முழுக்கக் கறுப்பு, அடுத்த வரி முழுக்க வெள்ளை. ஊடையில் மட்டும் நிற வரிசையை மாற்றிப் போட்டால் அதே கோடுகள் நெடுக்காக நின்றுவிடும். ஒரே தறி, ஒரே நூல்.

இப்போது பெருக்கலுக்கு வருவோம். எண்களைக் கூட்டாமல் பெருக்கி, விடை ஒற்றையாக வரும் இடங்களில் மட்டும் பாவை மேலே வைத்து நெய்தால் என்ன ஆகும்? நாலு சந்திப்புக்கு ஒன்றில்தான் பாவு மேலே வரும். அது போகட்டும், இரட்டை ஊடைகளைப் பாருங்கள். எதனோடு பெருக்கினாலும் இரட்டையே வருவதால் அவை எல்லாப் பாவுக்கும் மேலே சும்மா கிடக்கும்; கையால் அள்ளிவிடலாம். இரட்டைப் பாவுகள் எல்லா ஊடைக்கும் அடியில் கிடக்கும். அவையும் கழன்று விழும். மிஞ்சுவது ஒற்றைப் பாவும் ஒற்றை ஊடையும். அங்கே எப்போதும் பாவுதான் மேலே, எனவே அவையும் பின்னவில்லை. நாலு அடுக்கு நூல்தான் மிச்சம், துணியில்லை. நம்பாதவர்கள் காகிதப் பட்டைகளை வெட்டிக் குழந்தைகளோடு பின்னிப் பார்க்கலாம். கூட்டலில் இரண்டு நூலின் பேச்சும் எடுபடுகிறது. பெருக்கலில் ஒன்று இரட்டை என்றால் மற்றதை யாரும் கேட்பதேயில்லை. எனக்குப் பிடித்தது இந்த வித்தியாசம்தான், பாடப்புத்தக அட்டவணையில் இது தெரிவதில்லை.

ஜீன்ஸ் துணியின் சாய்கோட்டுக்கும் இதே கூட்டல்தான்; இரண்டுக்குப் பதில் மூன்றாலோ நான்காலோ வகுத்து மீதியைப் பார்க்க வேண்டும், அவ்வளவே.

விதி கைக்கு வந்துவிட்டதால் ஒற்றை இரட்டை விவகாரம் தீர்ந்தது என்று நினைத்துவிட வேண்டாம். துணிச் சந்தைக்குப் பெயர்போன ஈரோட்டில்தான் கணித மேதை ராமானுஜன் 1887 டிசம்பர் 22 அன்று பிறந்தார். ஓர் எண்ணை எத்தனை விதமாகப் பிரித்துக் கூட்டி எழுதலாம் என்ற கேள்வி அவரைப் பிடித்து ஆட்டியது. 4-ஐ ஐந்து விதமாக எழுதலாம்: 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. 4-லோ 9-லோ முடியும் எண் எதுவானாலும் இந்த வழிகளின் எண்ணிக்கை ஐந்தின் மடங்கு என்று 1919-ல் வெளியான கட்டுரையில் நிறுவினார். ஐந்துக்கு இவ்வளவு அழகான விதி இருக்கிறது. இரண்டுக்கு? 1 முதல் 10 வரை வழிகள் 1, 2, 3, 5, 7, 11, 15, 22, 30, 42. ஒற்றையும் இரட்டையும் ஓர் ஒழுங்கில்லாமல் வருகின்றன. இரண்டு வகையும் முடிவில்லாமல் வரும் என்பதை 1959-ல் நார்வேக்காரர் கோல்பெர்க் நிரூபித்தார். சரிபாதியாக வருமா என்பதை இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை. 11-க்கு 56, 12-க்கு 77, 13-க்கு 101. 14-க்கு வருவது ஐந்தின் மடங்கு என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஒற்றையா இரட்டையா என்றால் உட்கார்ந்து கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.