'வளர்ச்சிக் காரணி': ஒரு கலைச்சொல்லும் அதன் மயக்கமும்

ஒரு துறையின் கலைச்சொல் அத்துறையின் அறிவைத் தாங்கிநிற்பது போலவே அதன் மயக்கங்களையும் தாங்கிநிற்பதுண்டு. நரம்பியலில் வழங்கும் 'வளர்ச்சிக் காரணி' என்னுந் தொடர் இதற்குத் தக்க சான்றாகும்.

1950களின் தொடக்கத்தில் ரீற்றா லெவி-மொந்தால்சினி கண்டறிந்த நரம்பு வளர்ச்சிக் காரணி, நரம்புக் கலங்கள் பிழைத்து வளர உதவும் பொருளாகவே அறிமுகமாயிற்று. 1986இல் அவருக்கும் ஸ்ரான்லி கோயனுக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. 1982இல் பார்டே, தோனென் ஆகியோரின் குழுவினர் பன்றியின் மூளையிலிருந்து பிரித்தெடுத்த புரதமும் இவ்வினத்தைச் சார்ந்ததே. காரணியைச் சேர்த்தாற் கலம் வாழும் என்னும் நேர்கோட்டுச் சிந்தனைக்கு இப்பெயரே இடமளித்தது.

கலத்தினுள் நிகழ்வது இத்துணை எளிதன்று. ஓய்வுநிலையிலுள்ள நரம்புக் கலத்தினுட் கட்டற்ற கல்சிய அயன்களின் செறிவு, வெளியிலுள்ளதிலும் ஏறத்தாழ 10,000 மடங்கு குறைந்ததாகும். இவ்வேறுபாடே சமிக்ஞைக்கு அடிப்படை. மேற்கூறிய மூளைப் புரதம் தன் வாங்கியுடன் பிணையும்போது, கலத்தின் உட்சேமிப்பிலிருந்து கல்சியம் விடுவிக்கப்படுகின்றது; அதன் விளைவு பரம்பரையலகுகளின் தொழிற்பாடு வரை எட்டுகின்றது. அளவோடு எழுந்தடங்கும் கல்சியம் கற்றலுக்குத் துணை; அளவிறந்து நிலைத்த கல்சியமோ கலத்தின் அழிவு.

இரு ஆய்வுகளை ஒப்புநோக்குதல் பொருத்தமாகும். குளுக்கோசு குன்றிய நிலையிலும் வளர்ச்சிக் காரணிகள் கல்சியச் சமநிலையைப் பேணிக் கலங்களைக் காத்தன என 1991இற் செங்கும் மற்சனும் காட்டினர். 1995இற் கோ, சோய் முதலியோர், ஒட்சிசனும் குளுக்கோசும் ஒருங்கே இழந்த மூளை மேற்பட்டைக் கலங்களில் இவ்வினக் காரணிகள் அழிவை மிகுவித்தன என்றனர். கல்சிய உட்பாய்ச்சலுக்குப் பெரும்பங்குள்ள அழிவு இது. அதே ஆய்விற் பிறிதொரு வகைச் சாவை அக்காரணிகள் தணித்தமையும் நோக்கற்பாலது. எனவே, காரணி நன்றா தீதா என்னும் வினாவே பிழையானது. கலம் எந்நிலையில், எத்தகைய நெருக்கடியில் உள்ளது என்பதே வினாவாதல் வேண்டும்.

இது வெறுஞ் சொல்லாராய்ச்சியன்று. இயக்க நரம்புக் கலங்கள் அழியும் நோயால் வருந்திய ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்கு அம்மூளைப் புரதத்தை ஊசிவழி செலுத்திய பரிசோதனை, எதிர்பார்த்த பயனைத் தரவில்லை என 1999இல் வெளியாயிற்று. குருதியிலிருந்து மூளைக்குட் புகுதல் இப்புரதத்துக்கு அரிது. தோல்விக்கு அதுவும் ஒரு காரணமாகலாம். ஆயினும், சூழலிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருளிடமே முழு மீட்சியையும் எதிர்பார்க்கும் நோக்கு இங்கு மறுபரிசீலனைக்குரியது. பகுதியை முழுமையின் உறவுகளில் வைத்து ஆராயாத அறிவியல், நோயாளரின் நம்பிக்கையையே விலையாகக் கொடுக்க நேரும்.