ஊசியும் சந்தேகமும்: மணலியிலிருந்து சில குறிப்புகள்

தடுப்பூசி பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரே சொல்லில் போய் நிற்கிறது: விழிப்புணர்வு. அது மருத்துவர்களிடமும் அதிகாரிகளிடமும் இருக்கிறது, மக்களிடம் இல்லை, மேலிருந்து கீழே ஊற்றினால் போதும் என்பது இந்தச் சொல்லாடலின் அடிப்படை. முற்போக்குப் பேசுகிற நாமும் இதைக் கேள்வி கேட்காமலே ஏற்றுக்கொண்டிருக்கிறோம்.

மணலியில் ஒப்பந்த வேலைக்குப் போகிற ஒரு பெண் இப்படிச் சொல்வதாக வைத்துக்கொள்வோம்: "ஊசி வேணாம்னு நான் சொல்லல சிஸ்டர். போட்டா ராத்திரி பூரா புள்ளைக்குக் காய்ச்சல். மறுநாள் நான் வேலைக்குப் போகலன்னா அன்னிக்குச் சம்பளம் இல்ல. அத யாரு குடுப்பா?" இது தடுப்பூசி பற்றிய 'நம்பிக்கை' அல்ல, கூலி பற்றிய கணக்கு. ஆனால் பதிவேட்டில் 'பெற்றோர் மறுப்பு' என்ற கட்டத்தில்தான் இது விழும். பிறகு யாராவது ஒருவர் அந்தக் கட்டத்தில் உள்ள எண்ணிக்கையைக் கூட்டிப் பார்த்து, வடசென்னை மக்களிடம் அறியாமை அதிகம் என்று கட்டுரை எழுதுவார்.

சந்தேகம் ஒன்றுதான். அதற்கு வைக்கப்படும் பெயர் ஆளுக்கு ஆள் மாறுகிறது. 2021 ஜனவரியில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். கோவாக்சினுக்கு ஜனவரி 3 அன்று அனுமதி கிடைத்தது. அப்போது மூன்றாம் கட்டப் பரிசோதனையின் செயல்திறன் முடிவுகள் வெளிவந்திருக்கவில்லை. 'மருத்துவப் பரிசோதனை முறையில்' என்ற நிபந்தனையோடு வந்த அனுமதி அது. போட்டுக்கொள்பவர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டியிருந்தது. ஜனவரி 16 அன்று சுகாதாரப் பணியாளர்களுக்கு ஊசி போடத் தொடங்கியபோது, தமிழ்நாட்டில் முதல் நாட்களில் எதிர்பார்த்த எண்ணிக்கையில் ஆட்கள் வரவில்லை. முடிவுகள் வரட்டும், பிறகு போட்டுக்கொள்கிறோம் என்று ஒதுங்கியவர்களில் மருத்துவர்களும் இருந்தார்கள், செவிலியரும் இருந்தார்கள். அது நியாயமான கேள்விதான். அதற்குத் 'தயக்கம்' என்று பெயர் வந்தது. அறியாமை என்று யாரும் சொல்லிவிடவில்லை.

இதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 2017 பிப்ரவரியில், தட்டம்மை-ரூபெல்லா ஊசி வந்தது. 9 மாதம் முதல் 15 வயது வரை, தமிழ்நாட்டில் ஏறத்தாழ 1.76 கோடிப் பிள்ளைகளுக்குப் போடத் திட்டம். வாட்ஸ்அப்பில் வதந்திகள் பரவின, பெற்றோர் பின்வாங்கினார்கள், முகாமை நீட்டிக்க வேண்டியதாயிற்று. வதந்தி இருந்தது உண்மை. ஆனால் அதன் ஊடே உண்மையான கேள்விகளும் இருந்தன. 'ஏற்கெனவே போட்டாச்சே, மறுபடி எதுக்கு?' என்பது ஒன்று. இதற்குப் பதில் உண்டு. ஒன்பதாம் மாதத்தில் போடும் முதல் ஊசி நூற்றில் ஏறத்தாழ 15 குழந்தைகளிடம் பிடிப்பதில்லை, அதனால்தான் மறுபடி. ரூபெல்லா கர்ப்பிணிக்கு வந்தால் கருவிலிருக்கும் குழந்தையின் கண்ணும் காதும் இதயமும் பழுதாகும், அதனால்தான் புதிய ஊசி. சொல்ல இரண்டு நிமிடம் போதும். ஆனால் கேட்டவளை வதந்திக்காரி என்று முத்திரை குத்திவிட்டால் அந்த இரண்டு நிமிடமும் மிச்சம். மருத்துவர் தரவு கேட்டால் அறிவியல், தாய் காரணம் கேட்டால் மூடத்தனம் என்கிற இந்தப் பாகுபாட்டில் வேலை செய்வது அறிவியல் அல்ல, அதிகாரம்.

சந்தேகப்படும் உரிமை மேல்தட்டுக்கு எப்போதுமே இருந்திருக்கிறது. காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. ஊசியை எதிர்த்து 1955இல் ராஜாஜி சிறுநூலே எழுதினார். அவரை யாரும் விழிப்புணர்வு முகாமுக்கு அழைத்துப்போகவில்லை, பதில் சொன்னார்கள். பிற்பாடு, 1968இல், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர் வட்டாரத்தில் இந்த ஊசியைச் சோதிக்கும் மாபெரும் ஆய்வு தொடங்கியது. லட்சக்கணக்கான கிராமத்து மக்கள் தங்கள் உடலை அதற்குத் தந்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை என்று முடிவு வந்தது. சிசுக்களுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான காசநோய் வகைகளைத் தடுப்பதால் பிறந்தவுடன் போடுவது தொடர்கிறது. ராஜாஜியின் வாதங்களை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் ஊசி பற்றிய கேள்வியை ஊசியின் எதிரிகள் மட்டும் கேட்பதில்லை, அறிவியலும் கேட்கிறது என்பதை இந்த ஆய்வே சொல்கிறது. இதே வட்டாரத்து மக்களின் உடம்பிலிருந்து வந்த அறிவு அது. அதை அவர்கள் மொழியில் அவர்களுக்குத் திருப்பிச் சொல்ல எத்தனை பேர் முயன்றோம்?

இனி 2008. ஏப்ரல் 23 அன்று திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போடப்பட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. மணலி அன்று அதே மாவட்டத்து நகராட்சி. 2011இல்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. பொடியாக வரும் அந்த மருந்தை அதற்குரிய நீரில் கரைக்க வேண்டும், குளிரில் வைக்க வேண்டும், 4 மணி நேரத்துக்குள் போட்டுத் தீர்க்க வேண்டும். ஆபத்து மருந்தில் மட்டும் இல்லை. கரைப்பதில், வைப்பதில், போடுகிறவரின் வேலைச்சுமையிலும் இருக்கிறது. அரசு கண்டுபிடித்த தீர்வு என்ன? இனி ஊர் ஊராகப் போய்ப் போட வேண்டாம், மருத்துவர் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போடலாம் என்பது. பாதுகாப்பு என்ற வகையில் இதில் அர்த்தம் உண்டு. ஆனால் வாசலுக்கு வந்த செவிலியர் வராமல் போனார். இடைப்பட்ட தூரமும் பேருந்துச் செலவும் அரைநாள் கூலியும் தாயின் தலையில் விழுந்தன.

தேசிய குடும்பநல ஆய்வின் எண்களைப் பாருங்கள். எல்லா ஊசிகளும் முழுமையாகப் போடப்பட்ட, ஒரு வயது கடந்த குழந்தைகள் தமிழ்நாட்டில் 1998-99இல் 88.8 சதம், 2005-06இல் 80.9, 2015-16இல் 69.7, 2019-21இல் 89.2. சரிவு 2008க்கு முன்பே தொடங்கிவிட்டது, ஒரே காரணத்தால் வந்ததும் அல்ல. என்றாலும் ஒன்றைக் கேட்கலாம். 69.7க்கு இறங்கியபோது தமிழ்த் தாய்மார்களின் நம்பிக்கை அவ்வளவு மாறிப்போயிருந்ததா? பத்தாண்டுக்குள் 89க்கு ஏறியபோது விழிப்புணர்வு திடீரென்று பொங்கிவிட்டதா? மக்களின் மனசைத் துருவித் துருவி ஆராய்கிறவர்கள், பயந்துபோய்ப் பின்வாங்கியது அரசும்தான் என்பதை ஏன் பார்ப்பதில்லை?

இந்த இடத்தில் நம் பக்கத்துத் தோழர்களோடும் ஒரு சண்டை உண்டு. ஃபூக்கோ படித்த கையோடு தடுப்பூசியை உடல்மீதான அரச வன்முறை என்றும், மறுப்பதைக் கலகம் என்றும் எழுதுவது நமக்கு எளிதாக இருந்தது. ஃப்ரெடரிக் ஆப்ஃபெல் மார்க்ளின் 1990இல் வெளிவந்த தமது கட்டுரையில் சீதளா வழிபாட்டையும் அம்மைப்பால் குத்தும் பழைய முறையையும் நவீன அறிவின் ஆதிக்கத்துக்கு எதிரே வைத்துப் பேசினார். அதில் உண்மை இல்லாமல் இல்லை. 1970களில் பெரியம்மை ஒழிப்பின் கடைசிக் கட்டத்தில் கதவை உடைத்து, ஆளைப் பிடித்து வைத்து ஊசி போட்டது நடந்ததுதான். ஆனால் 1975க்குப் பிறகு இந்த நாட்டில் யாரும் பெரியம்மையால் சாகவில்லை, கண் இழக்கவில்லை. நம் ஊர் மாரியம்மனுக்கும் அதனால் குறை ஒன்றும் வந்துவிடவில்லை. ஆடியில் கூழ் ஊற்றிக்கொண்டுதான் இருக்கிறோம். ஒற்றை அறையில் ஆறு பேர் படுக்கிற வீட்டில் தட்டம்மை வந்தால் அது கலகம் அல்ல. நிமோனியாவாக முற்றும், சாகடிக்கும். மறுப்பைக் கொண்டாடுகிற கோட்பாட்டாளனின் பிள்ளைக்கு எல்லா ஊசியும் போட்டாயிற்று என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

அதற்காகக் கட்டாயத்தை ஆதரிக்க முடியுமா? 2021 நவம்பரில், 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ், கோவிட் ஊசி போடாதவர்கள் பொது இடங்களுக்கு வரக்கூடாது என்று தமிழ்நாட்டில் உத்தரவு வந்தது. யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது என்று 2022 மே 2 அன்று ஜேக்கப் புலியேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பரிசோதனைத் தரவுகளையும் பாதக விளைவுகள் பற்றிய விவரங்களையும் மக்கள் முன் வைக்கவும் சொன்னது. வழக்குப் போட்டவர் குழந்தை மருத்துவர். மருத்துவர் கேட்டதால் கேள்விக்கு மதிப்பு வந்தது என்பதையும் கவனிக்க வேண்டும்.

மணலியின் சந்தேகத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. மிகக் கடுமையாக மாசுபட்டவை என்று 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பட்டியலிட்ட 43 தொழிற்பகுதிகளில் மணலியும் ஒன்று. 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலி சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய் எண்ணூர் கழிமுகம் வரை போயிற்று. இங்கே மூச்சுக்காற்றில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடைப்பதில்லை. பிள்ளைக்கு ஊசி போட மட்டும் ஆள் வருகிறது. "எங்க ஒடம்பு மேல திடீர்னு என்ன அக்கறை?" என்று ஒருத்தி கேட்டால் அது தடுப்பூசி பற்றிய கேள்வி அல்ல. அரசு எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பது பற்றிய கேள்வி.

ஆகவே விழிப்புணர்வு நாடகம் போடுவதை நிறுத்திவிட்டு நாம் கேட்க வேண்டியவை வேறு. ஊசி போட்ட மறுநாள் ஒப்பந்தத் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு விடுப்பு வேண்டும். வேலை விட்டு வருகிற நேரத்தில் சுகாதார நிலையம் திறந்திருக்க வேண்டும். தெருவுக்கு வரப் போதுமான செவிலியர் வேண்டும். ஊசிக்குப் பிறகு ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆனால் அதன் விசாரணை அறிக்கை தமிழில் அந்தத் தாயின் கைக்கு வர வேண்டும். ஊசியை நாம் எதிர்க்கவில்லை. பிள்ளைகளுக்கு ஊசி போட்டுக்கொண்டேதான் இவற்றைக் கேட்கிறோம்.